ராஜா தங்கிய சத்திரம் எது? பிரைட்டன் ஓல்ட் ஷிப் பற்றி ஒரு கேள்வி

தெற்குக்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தின் தெற்குக் கரையில், பிரைட்டனுக்குப் பக்கத்தில். இங்கே கடலைப் பார்த்தபடி ஓல்ட் ஷிப் என்று ஒரு பழைய ஹோட்டல் இருக்கிறது. 1559-லேயே ஆவணத்தில் அதன் பெயர் வருகிறதாம். ஊரிலேயே பழமையான சத்திரம் அதுதான் என்கிறார்கள். கூடவே இரண்டாம் சார்லஸ் ராஜா உயிர் தப்பி பிரான்சுக்கு ஓடிய கதையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அடுத்த மாதம் மதுரையிலிருந்து மாமாவும் அத்தையும் வருகிறார்கள். மாமா சரித்திரப் பைத்தியம், அரைகுறையாகச் சொன்னால் விடமாட்டார். ராஜா அந்தச் சத்திரத்தில் உண்மையிலேயே தங்கினாரா?

பழையஏடு:
தங்கவில்லை, தம்பி. ஆனால் தொடர்பு உண்டு, அது ராஜாவைவிட சுவையான ஆள் மூலமாக வந்தது. முழுக்கதையும் சொல்கிறேன், மாமாவிடம் அப்படியே சொல்லலாம்.

1651 செப்டம்பர் 3. உஸ்டர் போரில் நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல்லின் படையிடம் சார்லஸ் தோற்றுப் போனார். வயது 21. தலைக்கு 1,000 பவுண்டு விலை. இடம் கொடுத்தவர்களுக்கு மரண தண்டனை. தலைமுடியை வெட்டி, வேலைக்காரன் உடை போட்டுக்கொண்டு ஏறக்குறைய ஆறு வாரம் ஒளிந்து திரிந்தார். பாஸ்கபெலில் ஓக் மரத்தில் ஒளிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் சத்திரங்களில்தான் நடந்தன, அவற்றை யாரும் அதிகம் பேசுவதில்லை.

சார்மத் என்ற கடற்கரை ஊரில் ஒரு கப்பல்காரரோடு பேசி முடித்து, குவீன்ஸ் ஆர்ம்ஸ் சத்திரத்தில் இரவெல்லாம் காத்திருந்தார்கள். படகு வரவே இல்லை. அந்தக் கப்பல்காரரின் மனைவி விஷயத்தை மோப்பம் பிடித்து, கணவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்! மறுநாள் அங்கே குதிரைக்கு லாடம் அடித்தவர் பழைய லாடங்களைப் பார்த்தே, இவை வெவ்வேறு மாவட்டங்களில் அடித்தவை, ஒன்று உஸ்டர் பக்கத்து வேலை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஊர் பிரிட்போர்ட்டில் ஜார்ஜ் சத்திரம் முழுக்கச் சிப்பாய்கள், ஜெர்சி தீவைப் பிடிக்கப் போகிறவர்கள். சார்லஸ் பதுங்கவில்லை. குதிரைகளைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே இடித்துக்கொண்டு உள்ளே போனார். வேலைக்காரன் இப்படித்தான் இருப்பான் என்று அவர்களும் திட்டிவிட்டு விட்டார்கள்.

பிரைட்டனுக்கு வந்தது அக்டோபர் 14 மாலை. தங்கிய இடம் ஜார்ஜ் என்ற சத்திரம். ஓல்ட் ஷிப் அல்ல.

தெற்குக்காற்று:
அந்த ஜார்ஜ் இப்போது எங்கே இருக்கிறது ஐயா? நான் இங்கே பார்த்ததே இல்லையே.

பழையஏடு:
இல்லை, போய்விட்டது. வெஸ்ட் தெருவில் கிங்ஸ் ஹெட் என்று ஒரு சத்திரம் 'ராஜா படுத்த வீடு இதுதான்' என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் இடித்துவிட்டார்கள். ஜார்ஜ் இருந்தது வெஸ்ட் தெருவில் அல்ல, மிடில் தெருவில்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கும் அந்தக் கட்சி பலமானதாகவே படுகிறது. ராஜா வந்த பெருமைக்குச் சத்திரங்கள் போட்டி போடுவது இங்கிலாந்து முழுக்க நடந்ததுதான். பெருமையை எடுத்துக்கொண்டால் வியாபாரம் பெருகும்.

அந்த இரவு நடந்ததை மாமாவிடம் விடாமல் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டில் ராஜா, அவருடைய கூட்டாளி வில்மட் பிரபு, ஏற்பாடு செய்த கர்னல் கன்டர், சிச்செஸ்டர் வியாபாரி பிரான்சிஸ் மான்செல், கப்பல்காரர் நிக்கலஸ் டெட்டர்செல் எல்லோரும் ஒரே மேசையில். டெட்டர்செலிடம் இவர் யார் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போதே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. 1648-இல் இளவரசராக இருந்த சார்லஸ் கடற்படையோடு வந்தபோது இவருடைய படகையும் வேறு பிரைட்டன் படகுகளையும் பிடித்து, பிறகு நல்லபடியாக விட்டுவிட்டார். அந்த முகம் மறக்குமா? மான்செலைத் தனியே கூப்பிட்டு, என்னிடம் நேர்மையாக நடக்கவில்லையே, இவர் ராஜா, எனக்குத் தெரியும் என்றார். இதைக் கேள்விப்பட்ட சார்லஸ் என்ன செய்தார் தெரியுமா? டெட்டர்செலை எழுந்து போகவிடாமல் குடியும் புகையிலையுமாகக் கூடவே உட்காரவைத்துக்கொண்டார்.

சத்திரக்காரர் ஸ்மித் இன்னொரு பக்கம். கணப்பு அருகே தனியாக நின்ற ராஜாவின் கையை நாற்காலி முதுகிலிருந்து எடுத்து முத்தமிட்டு, நீங்கள் எங்கே போனாலும் கடவுள் காப்பாற்றட்டும், சாகுமுன் நான் பிரபு ஆவேன், என் மனைவி சீமாட்டி ஆவாள் என்றாராம். சார்லஸ் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். இதெல்லாம் சார்லஸே 1680-இல் நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பெப்பிஸிடம் சொல்லி, அவர் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தது.

கடலோடி:
இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியில் தோணியில் ஆரம்பித்து, பிறகு சரக்குக் கப்பல்களில் இந்த இங்கிலீஷ் கால்வாயில் பல தடவை போயிருக்கிறேன்.

பிரைட்டனில் அப்போது துறைமுகமே கிடையாது. திறந்த கரை, சரளைக்கல், படகுகளை இழுத்துக் கரையில் ஏற்றுவார்கள். அதனால்தான் கப்பல் கிடந்தது சில மைல் மேற்கே ஷோரமில், அடுர் ஆற்று முகத்துவாரத்தில். ஆற்றுமுகத் துறையின் கணக்கே வேறு. கடல் வற்றியிருந்தால் கப்பல் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அன்றும் அப்படித்தான். விடியுமுன் ராஜாவும் வில்மட்டும் ஏணி வைத்து ஏறி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஏறிக் கப்பல் மிதக்கும் வரை ஓட முடியாது. காலை ஏழு எட்டு மணிக்குத்தான் வெளியே வந்தார்கள். தேடி வருகிற குதிரைப்படைக்கும் ஏறுகிற தண்ணீருக்கும் நடுவில் அந்த மூன்று மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று கடலில் இருந்தவனுக்குத் தெரியும்.

சர்ப்ரைஸ் என்ற அந்தக் கப்பல் நிலக்கரி ஏற்றுகிற சின்னக் கப்பல். மாலுமிகளுக்குப் போகுமிடம் பூல் துறைமுகம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முதலில் மேற்கே, வைட் தீவு தெரியும் வரை ஓட்டினார்கள். ராஜாவே மாலுமிகளிடம் போய், எங்களைப் பிரான்சில் இறக்கிவிடச் சொல்லித் தண்டலிடம் (கப்பல் தலைவரிடம்) நீங்களே கேளுங்கள் என்று குடிக்கக் காசு கொடுத்தார். அவர்கள் கேட்க, டெட்டர்செல் மறுப்பது மாதிரி மறுத்துச் சம்மதித்தார். பிற்பாடு யாராவது விசாரித்தால் பழி தண்டல் தலையில் விழாது. மாலை ஐந்து மணிக்கு வடக்குக் காற்று நேராகப் பின்னாலிருந்து; திருப்பி விட்டார்கள். மறுநாள் காலை பிரான்சின் ஃபெகான் கரை. சிறு படகில் இறங்கினார்கள்.

மரிக்கொழுந்து:
எல்லாம் சரி. டெட்டர்செலை மட்டும் வீரர் மாதிரி பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலி 60 பவுண்டு வாங்கினார். ஆள் யார் என்று தெரிந்ததும் கப்பலுக்கு ஈடு கேட்டார், அதையும் எழுதித் தரச் சொன்னார். கர்னல் கன்டரே தன் குறிப்பில் இதை எரிச்சலோடு எழுதியிருக்கிறார். ராஜபக்தி என்று கல்லறையில் வெட்டியிருப்பதைப் படித்துவிட்டு யாரும் ஏமாறக்கூடாது.

கடலோடி:
அம்மா, கோபிக்காதீர்கள். ஒரு தண்டலுக்குக் கப்பல்தான் வீடு, நிலம், பிள்ளைகள் படிப்பு எல்லாம். பிடிபட்டால் ராஜாவுக்கு என்ன ஆகுமோ, இவருக்குத் தூக்கு நிச்சயம். கப்பலும் பறிபோகும். அப்புறம் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஈடு கேட்டது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த பிறகும் கப்பலை எடுத்தாரே, அதைப் பாருங்கள். 1,000 பவுண்டு பரிசு கைக்கெட்டிய தூரத்தில் அதே மேசையில் உட்கார்ந்திருந்தது. 60 பவுண்டோடு நின்றார்.

பழையஏடு:
கடலோடி ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருடைய மனைவியையும் மறக்கக்கூடாது. நடுராத்திரியில் புறப்படும் கணவரைப் பார்த்தே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ராஜாவைக் காப்பாற்ற முடிந்தால் நானும் பிள்ளைகளும் பிச்சை எடுத்தாலும் பரவாயில்லை, போய் வாருங்கள் என்றாராம். சார்மத்தில் பூட்டிய மனைவியும் இவரும் ஒரே மாதம், ஒரே கரை. பூட்டியவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

இனி ஓல்ட் ஷிப்புக்கு வருவோம். 1660-இல் சார்லஸ் அரியணை ஏறினார். ஸ்மித் பிரபு ஆனதாக எங்கும் காணவில்லை. டெட்டர்செலுக்கும் ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் காத்திருக்கவில்லை, சர்ப்ரைஸை தேம்ஸ் ஆற்றில் கொண்டுபோய் ஒயிட்ஹால் அரண்மனைக்கு எதிரே, ராஜாவின் கண்ணில் படும்படி கட்டிப்போட்டார். பலித்தது. கப்பலை ராயல் எஸ்கேப் என்று பெயர் மாற்றிக் கடற்படையில் சேர்த்தார்கள், இவருக்குத் தளபதி பதவியும் ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியமும் கிடைத்தன. அந்தப் பணத்தில்தான் பிறகு, 1670-ஐ ஒட்டி, ஓல்ட் ஷிப் சத்திரத்தை வாங்கினார். ராஜா படுக்காத சத்திரத்துக்கு ராஜாவின் கதை வந்து சேர்ந்த வழி இதுதான்.

1674-இல் இறந்தார். ஊருக்கு மேலே செயின்ட் நிக்கலஸ் கோயில் தோட்டத்தில் கறுப்புப் பளிங்குக் கல்லறை இருக்கிறது.

மரிக்கொழுந்து:
என் கோபத்துக்குக் காரணம் 60 பவுண்டு அல்ல ஐயா. அதே கப்பலில் இன்னொருவர் இருந்தார். அவர் பெயரில் பிரைட்டனில் ஹோட்டலும் இல்லை, விழாவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த இழைக்கே வந்தேன்.

ரிச்சர்ட் கார்வர். டெட்டர்செலுக்குக் கீழே துணைத் தண்டல். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். ஃபெகானில் ராஜாவை முதுகில் சுமந்து கரையேற்றியவர் அவர்தான் என்பது குவேக்கர்கள் காத்து வைத்த செய்தி. சார்லஸ் ராஜாவான பிறகு பத்து ஆண்டு அவர் அரண்மனைப் பக்கமே போகவில்லை. அந்தப் பத்தாண்டில் குவேக்கர்களை ஆயிரக்கணக்கில் சிறையில் தள்ளினார்கள். தங்கள் முறைப்படி கூடி வழிபட்டதும், சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்ததும்தான் குற்றம். 1670-ஐ ஒட்டி கார்வர் ராஜாவைப் பார்க்கப் போனார். ராஜாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவு போதும் என்பதுதான் கார்வர் சொன்ன பதிலின் சாரம். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சிறையில் வாடுகிற தன் சபையாரை விடுவிக்கக் கேட்டார். ராஜா ஆறு பேரை விடுவதாகச் சொன்னார். கார்வர் ஆறோடு திருப்தி அடையவில்லை, திரும்பவும் போனார். வேறு பலரும் மன்றாடினார்கள். 1672-இல் பெரிய மன்னிப்பு ஆணை வந்தது, ஏறக்குறைய 490 பேர் விடுதலை. அந்தப் பட்டியலில் குவேக்கர் அல்லாத சமய எழுத்தாளர் ஜான் பன்யனும் சேர்ந்தார்.

அதே 1670-இல் டெட்டர்செல் பிரைட்டனில் தலைமைக் காவல் அதிகாரி. என்ன செய்துகொண்டிருந்தார்? அரசாங்க சபையில் சேராமல் தனியே கூடி வழிபட்டவர்களின் வீடுகளுக்குப் போய்க் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். ஒரே கப்பலில் ஒரே இரவு ஒரே ஆபத்தைச் சுமந்த இரண்டு பேர். ஒருவர் அந்த இரவை வைத்துச் சத்திரம் வாங்கினார். மற்றவர் அதே இரவை வைத்துச் சிறைக்கதவைத் திறக்கப் பார்த்தார். ஓல்ட் ஷிப் வாசலில் யாராவது கதை சொன்னால் இரண்டு பெயரும் வர வேண்டும். மாமாவிடம் இதை விட்டுவிடாதீர்கள் தம்பி.

தெற்குக்காற்று:
அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. இத்தனை வருடம் இந்த ஊர்ப்பக்கம் இருந்தும் கார்வர் பெயரைக் கேட்டதில்லை. கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கடலோடி:
கார்வரைப் பற்றி எனக்கு வாதமே இல்லை, அம்மா. தலைவணங்குகிறேன். ஆனாலும் கப்பலை எடுக்கலாம் என்று முடிவு செய்தது தண்டல்தான். அவர் மாட்டேன் என்றிருந்தால் கார்வருக்குச் சுமக்க ஆளே இருந்திருக்காது.

வடலி:
நான் சவுத்தாம்ப்டனில் இருக்கிறன். ராஜா உண்மையாகவே வந்து தங்கிய, துறைமுகத்தை ஒட்டிய இடம்தான் பார்க்க வேணும் என்றால் வைட் தீவில் யார்மத் ஊருக்குப் போங்கோ. அங்கே ஜார்ஜ் ஹோட்டல் (இங்கிலாந்தில் எத்தனை ஜார்ஜ்!). ஒரு பக்கம் படகுத்துறை, சுவரோடு சுவராக எட்டாம் ஹென்றியின் கோட்டை. 1545-இல் பிரெஞ்சுப் படை தீவில் இறங்கியதற்குப் பிறகு எழும்பிய கோட்டை, 1547-இல் முடிந்தது.

அந்த வீட்டைக் கட்டினவர் சர் ராபர்ட் ஹோம்ஸ், 1668 முதல் தீவின் ஆளுநர். கோட்டை அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்துத் தனக்கு மாளிகை கட்டினார். 1671-இல் இரண்டாம் சார்லஸ் அங்கே விருந்தாளியாக வந்தார். அதாவது ராஜா வந்த காலத்தில் அது சத்திரமே இல்லை, ஆளுநர் வீடு. பிறகுதான் ஹோட்டல் ஆனது. ஊர்க் கோயிலில் ஹோம்ஸின் வெண்பளிங்குச் சிலை நிற்குது. அது பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயிக்காகச் செதுக்கிக் கப்பலில் போன சிலை, கப்பலோடு பிடித்துத் தலையை மட்டும் தன்னுடையதாகச் செதுக்க வைத்தார் என்று ஊரார் சொல்லுவினம்.

மரிக்கொழுந்து:
ஹோம்ஸ் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வடலி. 1664-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் டச்சுக்காரர்களின் கோட்டைகளைப் பிடித்தவர். எந்தக் கம்பெனிக்காக? தங்கமும் அடிமைகளும் வியாபாரம் செய்த ராயல் அட்வென்ச்சரர்ஸ் கம்பெனி. ராஜாவின் தம்பி யார்க் பிரபுதான் தலைவர். 1666-இல் டச்சுக் கரையின் வ்லீ நீர்வழியில் நங்கூரமிட்டிருந்த 140-க்கு மேற்பட்ட டச்சு வணிகக் கப்பல்களைக் கொளுத்தியதும் இவர்தான். அந்த அழகான மாளிகைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

வடலி:
ஓம் அக்கா, சரியாகச் சொன்னீங்கள். கடலோடி ஐயாவுக்கு ஒரு விஷயம்: அதே ஆப்பிரிக்கப் பயணத்தில்தான் ஹோம்ஸ் ஊசல் கடிகாரங்களைக் கப்பலில் வைத்துத் தீர்க்கரேகை கணிக்கச் சோதனை செய்தவர். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வடிவமைத்த கடிகாரங்கள்.

பழையஏடு:
யார்மத் மாதிரி இன்னொன்றும் உண்டு. வெய்மத்தில் மூன்றாம் ஜார்ஜ் 1789 முதல் கோடைக்கு வந்து தங்கிய குளோஸ்டர் லாட்ஜ், அவர் தம்பியின் வீடு. அதுவும் பிறகு ஹோட்டலானது. ராஜா படுத்த இடம் முதலில் வீடாக இருக்கும், வாசலில் பலகை பிறகுதான் ஏறும். உண்மையான சத்திரத்தில் ராஜா படுத்தால் அது பெரும்பாலும் ஒளிந்து ஓடுகிற காலத்தில்தான். பிரைட்டன் ஜார்ஜும் சார்மத்தும் அதற்குச் சாட்சி.

தெற்குக்காற்று:
அப்படியானால் ஓல்ட் ஷிப்புக்குச் சொந்தமாக என்னதான் இருக்கிறது? மாமாவை உள்ளே கூட்டிப் போவது வீண்தானா?

பழையஏடு:
வீணே இல்லை. கட்டடம் இப்போது காண்பது பெரும்பாலும் பிற்காலத்து வேலை. ஆனால் 1767-இல் ராபர்ட் கோல்டன் கட்டிய நடன அரங்கு அங்கே இருக்கிறது. டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் கடல்நீர்க் குளியலை மருந்தாகச் சொல்லி ஊரைப் பணக்காரர்கள் தேடிவரும் இடமாக்கினார். அதற்கு முன் 1703, 1705 புயல்களில் கீழ்த்தெருவே கடலில் போயிருந்த ஏழை மீனவர் ஊர் அது. பணக்காரர்கள் வந்ததும் கூடி ஆட ஓர் அரங்கு வேண்டியிருந்தது. 1783-இல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் முதல் முறை வந்தார், அப்புறம் ஊரே அவருடையதானது. ஓல்ட் ஷிப்பின் நடனங்களுக்கும் வந்திருக்கிறார். 1831 டிசம்பரில் பாகனினி அங்கே வயலின் வாசித்தார். மாமாவுக்குச் சங்கீதம் பிடிக்கும் என்றால் அந்த அரங்கைக் காட்டுங்கள்.

கடலோடி:
ஹோட்டலோடு நிற்காதீர்கள் தம்பி. ஷோரமுக்கு ரயிலில் போய்விடலாம். அலை அட்டவணை பார்த்துக் கடல் வற்றும் நேரத்துக்குப் போங்கள். அடுர் சேற்றில் படகுகள் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏணி எதற்கு என்று மாமாவுக்குச் சொல்லவே வேண்டாம். சசெக்ஸ் யாட் கிளப் இந்தத் தப்பித்தலின் நினைவாக ஃபெகானுக்குப் பாய்மரப் பந்தயமும் நடத்துகிறது. வருகிற தேதி ஒத்துவந்தால் பாருங்கள்.

தெற்குக்காற்று:
நன்றி ஐயா. முதல் நாள் செயின்ட் நிக்கலஸ் கல்லறை, மிடில் தெரு, ஓல்ட் ஷிப் அரங்கு. இரண்டாம் நாள் ஷோரம். வடலி, யார்மத்துக்கு எப்படிப் போவது? அத்தைக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

வடலி:
லிமிங்டனில் இருந்து கார் ஏற்றுகிற கப்பல் இருக்கு, நேரே யார்மத்தில் இறக்கும். இறங்கினால் கோட்டையும் ஜார்ஜும் கூப்பிடு தூரம்தான், அத்தை மெதுவாக நடந்தாலே போதும். கோட்டை எல்லா மாதமும் திறந்திருக்காது, போகுமுன் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ. மத்தியான வெயில் இருந்தால் ஜார்ஜின் பின்தோட்டத்தில் கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். எந்தக் கிழமை என்று முடிவானதும் எழுதுங்கோ, நானும் சவுத்தாம்ப்டனில் இருந்து வந்து சேருறன்.